நோரீனின் மூன்று துப்பாக்கிகள்

புதிதாக வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது, நல்ல ஷூ வாங்குங்கள் என்பதுதான் சார். துப்பாக்கியை யாரிடமாவது இரவல் வாங்கிக்கொள்ளலாம். எங்கள் ஊரான ஸ்வீட்வாட்டர் பக்கத்துச் சரளையில் வழுக்குகிற ஷூவோடு ஓடினால் பக்கத்தில் நிற்பவனுக்கும் ஆபத்து.

நோரீனிடமும் அதைத்தான் சொன்னேன். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். கணவன் விட்டுப்போன வருஷம், ஒரு சனிக்கிழமை தனியாக எங்கள் துப்பாக்கி சுடும் கிளப்புக்கு வந்தாள். எங்கள் போட்டியில் ரைஃபிள், பிஸ்டல், ஷாட்கன் மூன்றையும் ஒரே ஓட்டத்தில் மாற்றி மாற்றிச் சுட வேண்டும். சீக்கிரம் முடிக்கிறவர் ஜெயிப்பார். முதல் நாள் அவள் ஷாட்கன்னில் தோட்டா திணிக்கும்போதே பாதியைக் கீழே கொட்டினாள். கடைசி இடம். மண்டிபோட்டுப் பொறுக்கிக்கொண்டே சிரித்தாள்.

"பஸ்ஸுல பசங்கள உட்கார வைக்கிறதே இதவிடக் கஷ்டம் வெண்டல். நான் மறுபடி வருவேன்."

வந்தாள். வீட்டில் தோட்டா இல்லாத துப்பாக்கியோடு, சுவரில் ஒட்டிய காகிதப் பொட்டைக் குறிபார்த்துப் பழகச் சொன்னேன். வேகத்தை மற, குழாய் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதை மட்டும் மறக்காதே என்றேன். சந்தேகம் வந்தால் விரலை எடுத்துவிட்டு என் முகத்தைப் பார் என்று பழக்கினேன். தோட்டாக்களையும் என் கொட்டகையில் நானே வெடிமருந்து நிரப்பிச் செய்து கொடுத்தேன். என் மனைவி இறந்த பிறகு அந்தக் கொட்டகையில் ஒருவர் உட்கார்ந்து என் பேச்சைக் கேட்டது அப்போதுதான். இதைக் காரணமாகச் சொல்லவில்லை. நிலவரத்தைச் சொல்கிறேன்.

அடுத்த ஆண்டு கோடையில் அவள் என்னை முந்தினாள். கிளப்பில் நன்றாகச் சுடுகிறவன் ட்வைட். அவன் விடுவானா.

"என்னப்பா வெண்டல், பஸ்காரம்மா உன்னையே ஓவர்டேக் பண்ணிட்டாங்க? இனிமே நீ அவங்ககிட்ட டியூஷன் போ."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நோரீன் மட்டும் சிரிக்காமல் என்னைப் பாவமாகப் பார்த்தாள்.

பிறகு ஒரு நாள் சொன்னாள்: "ட்வைட் குழுவோட நியூ மெக்சிகோ போட்டிக்குப் போறேன். தோட்டாவக் கடையிலயே வாங்கிக்கலாம்கிறார். உனக்கு ஏன் சிரமம்?"

"சிரமம்னு நான் எப்ப சொன்னேன்?"

"நீ சொல்ல மாட்ட. அதான் நானே சொல்றேன்."

அவள் இன்னும் தயாராகவில்லை சார். வெளியூர்ப் போட்டிக்கு அவசரப்பட்டால் அடிபடும். விஷயம் தெரிந்த யாரும் அதைத்தான் சொல்வார்கள்.

அவள் கிளம்புவதற்கு முந்தைய கிளப் போட்டியில் நான்தான் டைமர் பிடித்து அவள் பின்னால் ஓடினேன். ரைஃபிளில் நடுவே ஒரு வெடி சத்தமில்லாமல் அமுங்கிப் போனது. அந்த மாதிரி கேட்டால், டைமரோடு பின்னால் ஓடிக் கண்காணிப்பவர் உடனே நிறுத்தச் சொல்ல வேண்டும். குண்டு குழாயிலேயே சிக்கியிருக்கும். அதன்மேல் இன்னொன்று சுட்டால் துப்பாக்கி வெடித்துவிடும். எத்தனையோ பேரை நான் நிறுத்தியிருக்கிறேன். நோரீனுக்கும் அது கேட்டது. விரலை எடுத்துவிட்டு, திரும்பி என் முகத்தைப் பார்த்தாள்.

"ஒண்ணுமில்ல. போ," என்றேன்.

ரைஃபிளின் கம்பியை இழுத்து விட்டு, அடுத்த தோட்டாவை ஏற்றிச் சுட்டாள்.

வலது கண் போய்விட்டது. கன்ன எலும்பு நொறுங்கிவிட்டது. மருத்துவமனையில் கட்டுக்கு உள்ளிருந்து, "நான்தான் ஏதோ தப்பு பண்ணிட்டேன், இல்ல வெண்டல்?" என்று கேட்டாள்.

"ஆரம்பத்துல எல்லாருக்கும் நடக்கிறதுதான்," என்றேன்.

அன்று ட்வைட் படம்பிடித்த கேமராவில் என் குரல் இருப்பதை இந்த விசாரணையில் காட்டினீர்கள். காதில் சரியாக விழவில்லை என்று நான் சொல்லியிருந்தால் நீங்கள் நம்பியிருக்கக்கூடும். ஆனால் தோட்டாவைப் பற்றிக் கேட்டுவிட்டீர்கள். அன்று நான் அவளுக்குக் கொடுத்த பெட்டியில் ஒரு தோட்டாவை மட்டும் வெடிமருந்து போடாமல் மூடியது நான்தான். கை தவறி அல்ல. அவள் பயந்துபோய்க் கொஞ்ச காலம் நிறுத்துவாள் என்று நினைத்தேன். பயந்து திரும்பிப் பார்த்தவளை ஏன் போகச் சொன்னாய் என்கிறீர்கள். நியாயமான கேள்வி. அவள் முகத்தில் பயம் இல்லை சார். என்னை நம்பித்தான் பார்த்தாள்.

இனி அவள் இடது தோளில் வைத்து, இடது கண்ணால் சுடப் பழக வேண்டும். எல்லாவற்றையும் முதலிலிருந்து. அதற்குப் பொறுமையான ஆள் வேண்டும். ட்வைட்டுக்குப் பொறுமை கிடையாது. நான் இருக்கிறேன் என்று அவளிடம் சொல்லுங்கள்.