கட்டாத பதினேழு வீடுகள்

"நான் இதுவரைக்கும் ஒரு வீடும் கட்டலையாம்."

கண்டியிலிருந்து மடுல்கெல்ல போகும் பஸ்ஸில், முன் சீட்டிலிருந்த ஒரு மேசன் தன் மனைவியிடம் சொன்னார். வீடு கட்டும் கொந்தராத்துக்காரராகப் பதிய, கண்டியில் ஏதோ ஆபீசுக்குப் போய்விட்டு வருகிறார் போலும். மடியில் ஒரு ஃபைல்; சீமெந்து தின்று வெடித்த விரல்கள்.

"பதினேழு வீடுன்னு சொன்னீங்களா?"

"போட்டோவே காட்டினேன். பிரதேச சபை அனுமதிச்ச பிளான் கொண்டாங்கன்னாங்க."

"தோட்டத்துக் காணிக்கு உறுதிப் பத்திரமே இல்ல. பிளானுக்கு எங்க போறது?"

"அதைத்தான் நானும் கேட்டேன். ஆபீஸ்ல இருந்த அந்த நோனாம்மாவும் பாவம். பிளான் இல்லாத வீட்ட அனுபவத்துல சேக்க முடியாதுன்னு மெதுவாத்தான் சொன்னாங்க."

பஸ் வளைவில் திரும்பியது. தேயிலைக்கு மேலே புதுத் தகரம் போட்ட வீடுகள் தெரிந்தன. ஒன்றைக் காட்ட நீட்டிய கையை அவர் மடக்கிக்கொண்டார்.

"அப்ப நாம இருக்கிற வீடு?"

"அதுவும்தான்."

அந்த அம்மா அவர் மடியிலிருந்த ஃபைலை எடுத்துத் தன் பைக்குள் வைத்தார்.

"சரி, இனி மழைக்கு ஒழுகுனா யாருகிட்டப் போய்ச் சொல்றது?"

மேசன் சிரிக்கவில்லை.

"என்கிட்டதான் சொல்லணும்."