தனி ஆளுக்கு ஆயிரத்து நூறு லிட்டர்

— நடுவுல பேசாம முழுசாக் கேளு. "கீழ்த்தளம் இரண்டாம் எண் வீட்டில் தனியாகக் குடியிருக்கும் தையல்காரப் பெண்மணி, நாளொன்றுக்கு நானூறு லிட்டர் என்ற வரம்பை மீறி, கடந்த மூன்று மாதங்களாக ஆயிரத்து நூறு லிட்டர் பயன்படுத்திவருகிறார். இரண்டு முறை எச்சரித்தும் விளக்கம் தரவில்லை. எனவே, ஒரு மாதத்துக்குள் அவரைக் காலி செய்யச் சொல்லி வீட்டு உரிமையாளருக்கு எழுதுவதென்று குடியிருப்போர் கமிட்டி தீர்மானிக்கிறது." எப்படி இருக்கு?

— கையெழுத்து அழகா இருக்கு.

— விஷயம் எப்படி இருக்குன்னு கேட்டேன்.

— பதினோரு வருஷம் இங்க இருந்தவங்களை முப்பது நாள்ல மூட்டை கட்டச் சொல்றீங்க. அதுல நான் என்னத்தைப் பாராட்டறது? கொஞ்சம் நகருங்க, தட்டையெல்லாம் துடைக்கணும்.

— கழுவலையா?

— ஈரத்துணியால துடைக்கிறேன். ரெண்டாவது வாளி ராத்திரிப் பாத்திரத்துக்குன்னு சுவத்துல சீட்டு ஒட்டினது நீங்கதானே.

— எனக்கு மட்டுமா ஒட்டினேன்? எட்டு வீட்டுக்கும் பொதுச் சட்டம். நம்ம வீட்ல இருந்து ஆரம்பிச்சேன், அவ்வளவுதான். நாலு பேரு இருக்கற வீடு, தினம் ஐந்நூறு லிட்டர் போயிட்டிருந்தது. இப்ப முந்நூறு. காலையில நான்தான் ஒவ்வொரு மீட்டரையும் குனிஞ்சு பாத்து எழுதறேன். எண் பொய் சொல்லாது.

— அதுக்கு வாய் இல்ல, அதான்.

— உனக்கு எல்லாம் கிண்டல். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி பதினோரு நாள் குழாயில காத்து வந்துச்சே, மறந்துட்டியா? சின்னவனைத் தோள்ல போட்டுக்கிட்டு, கையில குடத்தோட லாரி பின்னாடி ஓடினேன். அந்த நிலைமை இன்னொரு தடவை என் வீட்டுக்கு வரக்கூடாதுன்னுதான் செயலாளர் வேலையை இழுத்துப் போட்டுக்கிட்டேன். யாரு நன்றி சொன்னா? மாடியில இருந்து இறங்கினாலே "மீட்டர் வருது, ஒதுங்கு"ன்னு சிரிக்கறானுங்க.

— மறக்கல. அன்னிக்கு நீங்க ஓடினதை நான் பாத்தேன். அதனாலதான் அஞ்சு மாசமா வாயைத் திறக்காம இருக்கேன்.

— அப்பப் புரிஞ்சுக்கோ. கமிட்டியில இருக்கற அஞ்சு வீடும் முந்நூறுக்கு இறங்கியாச்சு. தலைவர் வீட்ல ஆறு பேரு, அவங்களே இறங்கிட்டாங்க. எங்க வீட்ல துணி துவைக்கிற சத்தமே கேக்கறதில்லன்னு மனுஷன் பெருமையா சொல்றார். கமிட்டியில இல்லாத ரெண்டு வீடும் முக்கி முனகி நானூறுல நிக்குது. இவ்வளவு பண்ணியும் லாரி குறையல. முன்னாடி ரெண்டு நாளைக்கு ஒரு லாரி. இப்பவும் ரெண்டு நாளைக்கு ஒரு லாரி. எனக்குக் கிறுக்கே பிடிச்சிடும் போல இருந்தது. ஓட்டையான்னு தொட்டிக்குள்ள இறங்கித் தடவித் தடவிப் பாத்தேன். கடைசியில நோட்டை வீடு வாரியாக் கூட்டிப் பாத்தா, அத்தனை பேரும் வாயைக் கட்டி வயித்தைக் கட்டி மிச்சம் பிடிச்ச தண்ணி ஒரே வீட்டுக்குள்ள போயிட்டிருக்கு.

— அவ்வளவையும் அவங்க குடிச்சா தீர்த்திருப்பாங்க?

— அதைத்தான் நானும் கேக்கறேன். ஒத்தை ஆளு. தையல் மெஷினைத் தண்ணி ஊத்தியா ஓட்டறாங்க? காவலாளி ஒரு விஷயம் சொன்னான். உன்கிட்ட சொல்லவே ஒரு மாதிரி இருக்கு.

— ஒரு மாதிரி இருக்கற விஷயம்னா நீங்க சொல்லாம விடமாட்டீங்க. சொல்லுங்க.

— அந்த வீட்டுப் பின்பக்கக் கொடியில ஆம்பளை பேன்ட் காயுதாம். ஒரு நாள் ரெண்டு நாள் இல்ல, மாசக்கணக்கா.

— காயட்டுமே.

— காயட்டுமேவா? தனியா இருக்கேன்னு சொல்லி வாடகைக்கு எடுத்த வீடு. உள்ள இன்னொரு ஆள் இருக்கான். இல்லேன்னா தண்ணி எப்படி இவ்வளவு போகும்? அதைத் தீர்மானத்துல எழுதல. எழுத வேணாம், நாகரிகமா வாயால சொல்லிக்கலாம்னு தலைவர் சொல்லிட்டார்.

— எழுதினா அசிங்கம். எட்டு வீட்டுக்கும் கேக்கற மாதிரி சொன்னா நாகரிகம்.

— நான் சொல்லப்போறதில்ல. அவர்தான் சொல்வார்.

— பேன்ட் என்ன நிறம்னு காவலாளி சொன்னானா?

— சாம்பல் நிறம்னான். ஏன்?

— வலது முழங்கால்ல வெள்ளைப் பெயின்ட் தெறிச்சிருக்குன்னு சொன்னானா?

— அதெல்லாம் நான் கேக்கல. இரு, உனக்கு எப்படி...

— போன வருஷம் மொட்டை மாடித் தொட்டிக்கு நானே பெயின்ட் அடிக்கிறேன்னு ஏறினீங்களே, அன்னிக்குத் தெறிச்சது. எவ்வளவு தேய்ச்சும் போகல. அந்தக் கொடியில காயறது உங்க பேன்ட்.

— என் பேன்ட் அங்க எப்படிப் போச்சு?

— தானா நடந்து போகல. நான்தான் கொண்டு போனேன். வாரத்துல நாலு தடவை, பையில போட்டு. மெத்தை உறை தைக்கணும், ஓரம் அடிக்கணும்னு சொல்லிட்டுக் கீழ போவேனே. நாலு மாசமா ஓரம் அடிச்சும் நம்ம வீட்டுத் துணி தீரலையேன்னு உங்களுக்கு ஒரு சந்தேகம்கூட வரல.

— துவைக்கவா கொண்டு போனே?

— உங்க துணி, சின்னவன் பள்ளிக்கூடத் துணி, போர்வை, துண்டு, எல்லாமே.

— நம்ம வீட்லயே வாஷிங் மெஷின் இருக்கும்போது...

— மேல விரிப்பு போட்டு உங்க மீட்டர் நோட்டை அடுக்கி வச்சிருக்கீங்களே, அந்த மேஜையைச் சொல்றீங்களா?

— மெஷினைத்தான் போடாதேன்னு சொன்னேன். கையால துவைச்சிருக்கலாம். குளிச்ச தண்ணியில முதல் அலசு, அப்புறம் அரை வாளி நல்ல தண்ணியில...

— செயலாளர் ஐயா, ஒரே ஒரு நாள் அப்படித் துவைச்சுக் காட்டுங்க. குளிச்ச தண்ணி தரை துடைக்கன்னு ஒரு சீட்டு. தரை துடைச்ச தண்ணி கக்கூசுக்குன்னு அடுத்த சீட்டு. அந்த கக்கூஸ் தொட்டிக்குள்ள ரெண்டு லிட்டர் பாட்டிலை இறக்கி வச்சிருக்கீங்க, ஒரு தடவை இழுத்தாப் போதுமா இருந்தது, இப்ப மூணு தடவை இழுக்க வேண்டியிருக்கு. அது எந்த நோட்டுல ஏறுது?

— அதை ஏன் என்கிட்ட சொல்லல?

— சொன்னேன். எண் பொய் சொல்லாதுன்னீங்க.

— வீட்டு ஆளுங்களே என்னை ஏமாத்தினா நான் ஊருக்கு எப்படிச் சொல்றது? கஷ்டம்னா ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும்.

— பெரியவ சொன்னா. ஞாபகம் இருக்கா? மாசத்துல அந்த நாள்ல ஒண்ணு. குளியலறைக் கதவை இத்தனூண்டு திறந்து, "அப்பா, இன்னும் ரெண்டு மக் எடுத்துக்கலாமா"ன்னு கேட்டா. பதினாலு வயசுப் பொண்ணு. நீங்க என்ன சொன்னீங்க?

— எனக்கு விஷயம் தெரியாதும்மா.

— "நாளைக்குப் பங்குல கழிச்சுக்க"ன்னீங்க. அன்னிக்கு அவ போர்வையைச் சுருட்டி எடுத்துக்கிட்டு நான் கீழ போனேன். அந்தக்கா ஒரு கேள்வி கேக்கல. "எனக்கு நூறு லிட்டருக்கு மேல எதுக்கு, குடு"ன்னு வாங்கிக்கிட்டாங்க. அங்க ஆரம்பிச்சது.

— ரெண்டு நோட்டீஸ் அனுப்பினேனே. அப்பவாவது வாயைத் திறந்திருக்கலாமில்ல?

— யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னு நான் கெஞ்சிக் கேட்டுக்கிட்டேன். செயலாளர் வீட்டுத் துணி வெளியில போகுதுன்னு தெரிஞ்சா உங்க மானம் போயிடுமேன்னு. நோட்டீஸ் வந்த அன்னிக்கும் ஓடினேன். "நான் பாத்துக்கறேன், நீ போ"ன்னாங்க. காலி பண்ணச் சொல்ற வரைக்கும் போகும்னு நான் கனவுலயும் நினைக்கல. தப்பு என் மேல. கூட்டத்துல நானே வந்து சொல்றேன்.

— அவசரப்படாதே. ஆறு மணிக்கு இன்னும் இருபது நிமிஷம் இருக்கு. ஒத்திவைக்கலாம். மீட்டர் பழுது, மாத்திப் பாத்துட்டு முடிவு பண்ணலாம்னு நான் சொல்றேன்.

— எண் பொய் சொல்லாது. நீங்க சொல்வீங்க.

— வேற என்ன பண்ணச் சொல்றே? என் பொண்டாட்டிதான் என் சட்டத்தை உடைச்சான்னு நானே எழுந்து நின்னு சொல்லவா? இரு. நம்ம துணிக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு பிடிக்கும்?

— இப்பவும் கணக்கா?

— சொல்லேன்.

— நம்ம மீட்டர்ல குறைஞ்சது எவ்வளவோ, அவ்வளவு.

— இருநூறு. அவங்க சொந்தப் புழக்கம் நூறு. மொத்தம் முந்நூறு. மீட்டர் காட்டறது ஆயிரத்து நூறு. மீதி எண்ணூறு எங்க?

— எனக்குத் தெரியல.

— பாத்தியா? பாவம் பாவம்னு நீ உருகறே, அங்க எண்ணூறு லிட்டருக்குப் பதில் இல்ல. நம்ம துணி ஒரு சாக்கு. உள்ள வேற ஏதோ நடக்குது.

— பேன்ட் உங்களோடதுன்னு தெரிஞ்ச அப்புறமுமா?

— பேன்ட் என்னோடது. எண்ணூறு என்னோடது இல்லையே.

— மணி அடிக்குது. யாருன்னு பாருங்க.

— நீ போய்த் திற. கமிட்டி ஆளா இருந்தா நான் கிளம்பிட்டே இருக்கேன்னு சொல்லு.

— வாங்கக்கா, உள்ள வாங்க. உங்களைப் பத்தித்தான் பேசிட்டிருக்கோம். இவர்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன்.

— எதுக்குத் தங்கச்சி? நான்தான் வாயைத் தைச்சு வச்சிருந்தேனே, நீ ஏன் பிரிச்சே? வணக்கம் சார். கூட்டத்துக்கு நான் வரல, அதைச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன். இத்தனை நாளா நான் அடுத்தவங்களை நிக்க வச்சு அளவெடுத்தவ. இப்ப எட்டு வீட்டுக்கு நடுவுல நான் நின்னு அளவு குடுக்க முடியாது. என்ன எழுதணுமோ எழுதுங்க.

— உக்காருங்கம்மா. எங்க வீட்டு விஷயத்துக்கு நான் வருத்தப்படறேன், நிஜமாவே. ஆனா ஒண்ணு நேராக் கேக்கணும்.

— கேளுங்க சார்.

— எங்க துணியும் உங்க புழக்கமும் சேந்தா முந்நூறு லிட்டர். மீட்டர்ல ஆயிரத்து நூறு. எது தப்பு?

— எதுவும் தப்பில்ல. மீட்டர் சரியாத்தான் ஓடுது.

— அப்ப வீட்ல உங்ககூட வேற யாராவது இருக்காங்களா?

— ஏங்க, இதையெல்லாமா அவங்க முகத்தைப் பாத்துக் கேப்பீங்க?

— கேக்கட்டும் தங்கச்சி, முதுகுக்குப் பின்னாடி கேக்கறதுக்கு இது தேவலாம். என்கூட ரெண்டு மெஷின் இருக்கு சார். ஒண்ணு தைக்கும், ஒண்ணு துவைக்கும். ரெண்டும் எதிர்த்துப் பேசாது.

— எனக்குப் பதில் வேணும்மா. நீங்க சொன்னா இந்தத் தீர்மானத்தை இங்கயே கிழிச்சுப் போடறேன். சொல்லலேன்னா என் கையில ஒண்ணும் இல்ல. செயலாளருக்கு ஓட்டு கிடையாது. கமிட்டியில மத்த நாலு பேரும் கையைத் தூக்கினா முடிஞ்சது. தலைவர் காலையிலயே மத்த மூணு பேர்கிட்டயும் பேசிட்டார்.

— தெரியும் சார். ஆனா சொல்ல முடியாது. யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னு கேட்டுக்கிட்டாங்க.

— அக்கா, அது நான் கேட்டதுதானே? இப்ப நானே சொல்றேன், தாராளமாச் சொல்லுங்க.

— நீ கேட்டதை நீ விட்டுட்டே. மத்தவங்க விடலையே.

— மத்தவங்களா? எந்த மத்தவங்க?

— அதைத்தான் சொல்ல மாட்டேங்கறேன்.

— வீடு போகுதும்மா. இங்க இருந்து கிளம்பினா எங்க போவீங்க?

— அதை நினைச்சு நேத்து முழுக்கத் தூங்கல சார். என் வாடிக்கைக்காரங்க எல்லாரும் இந்தத் தெருவுலதான். வேற இடத்துல போய் முதல்ல இருந்து ஆரம்பிக்க எனக்குத் தெம்பு இல்ல. ஆனா என் தொழில் அப்படி. யாரு இடுப்பு எத்தனை அங்குலம் கூடிச்சுன்னு பதினோரு வருஷத்துல ஒருத்தர்கிட்டயும் நான் சொன்னதில்ல. சொல்ல மாட்டேன்னுதான் என்கிட்ட வர்றாங்க. இதைச் சொன்னா அப்புறம் வீடு இருந்தும் வேலை இருக்காது.

— அப்ப நான் என்னதான் பண்றது? கூட்டத்தை நிறுத்தணும்னா எனக்கு ஒரு ஆதாரம் வேணும். ஒரு பேராவது சொல்லுங்க.

— பேரு வேணாம் சார். என்னைக் காலி பண்ணச் சொல்லி அந்த நாலு பேரும் கையைத் தூக்குவாங்கல்ல, அப்ப கொஞ்சம் கிட்டப் போய் ஒவ்வொருத்தர் சட்டையையும் மோந்து பாருங்க, நாலுலயும் என் வீட்டு சோப்பு வாசனைதான் அடிக்கும்.