ஏழாவது நெரை, பன்னெண்டாவது மரம்

– பத்தொன்பது நாள்தான் இருக்கு அண்ணே. அதுக்குள்ள தேடி முடிக்கணும்.

– மெட்டல் டிடெக்டர் வாங்க வர்ற யாரும் நாள் எண்ணிக்கிட்டு வர மாட்டாங்க தங்கச்சி. குகன் கடைக்கு ரெண்டு ரகம்தான் வரும். ஒன்னு, கடல்ல மோதிரத்தத் தொலச்சவன். இன்னொன்னு, சண்டைக் காலத்துல ஜப்பான்காரன் பொதச்ச தங்கம்னு கனவு கண்டவன். நீ எந்த ரகம்?

– ரெண்டும் இல்ல. தோட்டத்துல தேடணும். நியாலாஸ் பக்கம். வீடு கட்ட வித்துட்டாங்க. இருபதாவது நாள் புல்டோசர் எறங்குது.

– டேய் குகா, மொதல்ல புள்ளைய உக்காரச் சொல்றா. நியாலாஸ்ல இருந்து ஜாசினுக்கு பஸ்ல வந்திருக்கு, கைல டப்பா வேற. என்னம்மா அது டப்பாவுல?

– மண்ணுக்கா.

– மண்ணா?

– தேடப்போற எடத்து மண்ணு. ரெண்டு கிலோ. செம்மண்ணு, இரும்பு ஜாஸ்தி. இந்த மண்ணுக்கே மெஷின் கத்துமான்னு பாத்துட்டு வாங்கலாம்னு...

– சுசீலாக்கா, கேட்டுக்க! பதினோரு வருஷமா கடை வச்சிருக்கேன். ஒருத்தனும் மண்ணு கொண்டாந்ததில்ல. என்ன படிச்சே தங்கச்சி?

– கெமிஸ்ட்ரி.

– அதான பாத்தேன். பட்ஜெட் எவ்வளவு?

– அறுநூறு ரிங்கிட். அதுக்கு மேல முடியாது அண்ணே.

– அறுநூறா. சரி லா, பாப்போம். இந்த மஞ்சக் கலரு எரநூத்தம்பது. பொய் சொல்ல மாட்டேன், வெளயாட்டுச் சாமான். இந்தக் கறுப்பு அறுநூத்தம்பது, உனக்கு அறுநூறு. அந்தா தொங்குதே, அது ஆயிரத்து எரநூறு. அதத் தொடாத. தொட்டா ஆச வந்துடும்.

– தொட்டவன் இவன்தான்மா. ஞாயித்துக்கெழம பூரா கிளேபாங் கடக்கரையக் கூட்டிப் பெருக்கிட்டு வருவான். கெடச்சது என்ன தெரியுமா? டின் மூடி. ஒரு கார் சாவி.

– ஒரு கல்யாண மோதிரமும்க்கா. அத மட்டும் சொல்ல மாட்டே. சரி தங்கச்சி, டாக்டர் கேக்குற மாதிரி கேப்பேன். மறைக்காம சொன்னாத்தான் சரியான மெஷின் குடுக்க முடியும். என்ன உலோகம்?

– வெள்ளி.

– எவ்வளவு பெருசு?

– மெல்லிசா ஒரு சங்கிலி. பத்து கிராம்கூட வராது.

– எவ்வளவு ஆழம்?

– மூனு அடி. கொஞ்சம் கூடவும் இருக்கலாம்.

– வேணாம் தங்கச்சி. காச எடுத்துக்கிட்டு வீட்டுக்குப் போ.

– டேய், வந்த வியாபாரத்த...

– பொய் சொல்ல மாட்டேன்க்கா. மோதிரம்னா முழு வட்டம், மெஷினுக்குத் தெரியும். சங்கிலில ஒவ்வொரு வளையமும் தனித்தனி. மெஷினுக்கு அது மணல் மாதிரி. மூனு அடியில கெடந்தா அந்த ஆயிரத்து எரநூறுகூட கண்டுபுடிக்காது.

– தெரியும் அண்ணே, படிச்சேன். ஆனா இந்த மண்ணுல எவ்வளவு ஆழம்னு எங்கயும் போடல. அதான் இந்தச் சங்கிலியையும் கொண்டாந்தேன். பொதச்சு வச்சுப் பாருங்க. அதுவும் இதே மாதிரிதான். ஒரே ஆசாரி செஞ்சது.

– இங்க குடும்மா, பாக்கலாம்... டேய் குகா, இது அர்ணாக்கொடிடா. கைக்கொழந்தைக்கு இடுப்புல கட்டுறது. யாரோடதும்மா?

– என்னோடதுக்கா.

– அப்ப அங்க பொதஞ்சு கெடக்குறது யாரோடது?

– மொதல்ல மெஷினப் போட்டுப் பாக்கலாம்க்கா.

– விடுக்கா, புள்ள கூச்சப்படுது. தங்கச்சி, டப்பாவத் தொற. மொதல்ல மஞ்சள். பாரு, வெறும் மண்ணுக்கே கத்துது. அத ஓரமா வை. இப்ப கறுப்பு. இந்த பட்டன அமுக்குனா, "இதான் மண்ணு, இதுக்குக் கத்தாத"ன்னு சொல்லிக் குடுக்குறோம்னு அர்த்தம். ஆங், வாய மூடிக்கிச்சு. இப்ப சங்கிலிய மேலாப்ல வை. கத்துதா? உள்ள தள்ளு. இன்னும் தள்ளு. இன்னும்... போச்சு.

– எட்டு சென்டிமீட்டர்.

– ஸ்கேலும் கொண்டாந்திருக்கு பாருடா! நீயும் இருக்கியே, கண்ணாலயே அளக்குற ஆளு.

– அண்ணே, இரும்பா இருந்தா எவ்வளவு ஆழம் காட்டும்?

– இரும்பா? இரும்புக்குக் கத்தாம அடைக்கணும் லா! அது பழைய ரப்பர் தோட்டம்தானே? பால் கோப்ப மாட்டுன கம்பி, ஆணி, ஓட்ட வாளின்னு அடிக்கு ஒன்னு கெடக்கும். இரும்ப அடைக்கிற பட்டன் இந்தா இருக்கு. அது ரொம்ப நல்லா வேல செய்யுறதாலதான் பெரிய மெஷினுக்கு அந்த வெல.

– அந்த பட்டன் வேணாம். சங்கிலிக்கு மேல ஒரு கத்தி இருக்கு.

– என்ன கத்தி?

– பால் மரம் சீவுற கத்தி. எங்க அப்பாவோடது. பாதி மண்ணு தள்ளுனதுக்கு அப்புறம் தலமாட்டுல வச்சு மூடுனாராம். ஒன்றரை அடிதான் இருக்கும்.

– ஐயோ சாமி. காத்துக் கறுப்பு அண்டாம இருக்க இரும்பு வப்பாங்க. எங்க தோட்டத்துலயும் வச்சாங்க. குகா, வெளங்குச்சா உனக்கு?

– வெளங்குச்சுக்கா.

– யாரும்மா அது?

– என் கூடப் பொறந்த அக்கா. நான் பொறக்குறதுக்கு ஒன்றரை வருஷம் முன்ன. எழுபது நாள் இருந்துச்சு. காய்ச்சல்.

– தங்கச்சி... நான் பாட்டுக்கு ஜப்பான்காரன் தங்கம்னு ஒளறிட்டேன். மனசுல வச்சுக்காத.

– பரவால்ல அண்ணே.

– எடத்துக்கு அடையாளம் ஒன்னும் வைக்கலியா உங்க அப்பா? ஒரு கல்லு, கில்லு?

– மரத்தத்தான் அடையாளமா வச்சிருந்தாரு. ஏழாவது நெரை, பன்னெண்டாவது மரம். அவரு தெனமும் சீவுற மரம். மரம் எங்க போயிடப் போகுதுன்னு நெனச்சாரு. நாலு வருஷத்துல ரப்பர மொத்தமா வெட்டிட்டு செம்பனை நட்டாங்க. நெரையும் மாறிப்போச்சு, எண்ணிக்கையும் மாறிப்போச்சு.

– அப்பா இப்ப வந்து சுமாரா காட்ட மாட்டாரா?

– போன வருஷம் தவறிட்டாரு. சாகுறப்பவும் ஏழு, பன்னெண்டுன்னுதான் சொன்னாரு.

– இப்ப எவ்வளவு எடம் தேடணும்?

– ஓடைக்கும் பழைய பால் ஸ்டோருக்கும் நடுவுல, அரை ஏக்கர். ஒரு மீட்டருக்கு ஒரு கட்டமா கயிறு கட்டிட்டேன். நாளைக்கு நூத்தி இருபது கட்டம் பாத்தா பதினேழு நாள். மழைக்கு ரெண்டு நாள் விட்டிருக்கேன்.

– ரெண்டு நாள்தான் மழைக்கா? வானம் உன் கணக்குக்கு அடங்குமா? அதுசரி, இத்தன வருஷம் கழிச்சு எலும்பு ஏதாச்சும்...

– இருக்காதுக்கா. இந்த மண்ணு புளிப்பு. பச்சக் கொழந்த எலும்பு கரைஞ்சிருக்கும். வெள்ளியும் இரும்பும்தான் மிச்சம். அம்மாகிட்ட அத சொல்லிட்டேன். கத்திக்கு அடியில இருக்குற ஒரு பிடி மண்ணு போதும்னாங்க. கடல்ல கரைக்கணுமாம். யாரோ வீட்டு குசினி அடுப்புக்கு அடியில அவ கெடக்கக் கூடாதாம்.

– பெத்த வயிறு. சும்மா இருக்குமா?

– கேட்டுக்க தங்கச்சி. கறுப்பையே எடுத்துக்க. மெஷினோட அடியில வர்ற தட்டு சின்னது, கழட்டிடு. என்னோட பெரிய தட்ட மாட்டித் தர்றேன், ஆழம் பாக்கும். வேல முடிஞ்சதும் கொண்டாந்து குடுத்தா போதும். இரும்ப அடைக்காத. கம்பி, ஆணின்னா டொக்குன்னு வெட்டுன மாதிரி நிக்கும். கத்தின்னா ஒரு சாண் நீளத்துக்கு இழுத்துக்கிட்டே கத்தும். அப்ப தோண்டு. எதுக்கும் பாத்துடலாம், இரு, வீட்டுக் கத்திய எடுத்து அடியில வைக்கிறேன்.

– என் காய்கறிக் கத்தியத் தொட்டே, தெரியும் சேதி. பால் கத்தி பின்கட்டுல தொங்குது, நம்ம அப்பாவோடது. அத எடு. அப்புறம் இந்த ஞாயித்துக்கெழம கடக்கரைக்குப் போகாம இந்தப் புள்ளகூடப் போடா.

– அதத்தான்க்கா சொல்ல வந்தேன். ஆயிரத்து எரநூறையும் தூக்கிட்டுப் போறேன். ரெண்டு மெஷின்னா மழைக்கு இன்னும் கொஞ்ச நாள் மிச்சம் ஆகும்ல?

– அண்ணே...

– அழுவாத லா. கேரண்டி கார்டு எழுதணும், அடையாள கார்டு, ஐ.சி.யக் குடு. ஷாந்தினி... அப்பா பேரு தங்கையா... முப்பது வயசா உனக்கு? இருபத்தஞ்சுகூட இருக்காதுன்னு நெனச்சேன்.

– எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க. பள்ளிக்கூடத்துல வரிசைன்னா எப்பவும் நான்தான் மொத ஆளு. ஒன்னாங் கிளாஸ்ல பென்சில்கூட புடிக்க வரல.

– சாப்பாடு எறங்கியிருக்காது. ஏம்மா, கடல்ல கரைக்குறப்ப பூச பண்றவரு பேரு கேப்பாரு. எழுபது நாள்னா முப்பதாம் நாள் கும்புட்டு பேரு வச்சிருப்பாங்களே. கொழந்த பேரு என்ன?

– அது...

– தெரியாதா? அம்மாவக் கேட்டு எழுதி வச்சுக்கம்மா. பேரு இல்லாம எப்படிப் பூச பண்றது?

– தெரியும்க்கா. அண்ணன் இப்ப கார்டுல எழுதுனாரே, அந்தப் பேருதான்.

– நான் எழுதுனது உன் பேரு தங்கச்சி. உன் ஐ.சி.யப் பாத்துத்தானே எழுதுனேன்?

– அவ பொறப்புப் பத்திரத்தக் காட்டி எடுத்த ஐ.சி. அண்ணே அது. அவ செத்தத அப்பா பதியல. நான் பொறந்ததையும் பதியல. நீங்க எழுதியிருக்குற ஷாந்தினி, ஏழாவது நெரையிலதான் இருக்கா.