பெரியக்கா வீட்டு லைன்

கார்ட்லெஸ் போன் வாங்க வருகிறவர்களிடம் நான் ஒன்றை மட்டும் மறக்காமல் சொல்வேன். அதைச் சமையலறையில் வைக்காதீர்கள். எண்ணெய்ப் பிசுக்கு பட்டன்களுக்குள் இறங்கிவிடும், அப்புறம் எந்த எண்ணை அழுத்தினாலும் உள்ளேயே ஒட்டிக்கொள்ளும், மேலே எழும்பாது. நல்ல பொருளை நல்ல மாதிரி வைத்துக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிறவன் நான்.

இன்னொன்றும் சொல்லியிருக்கலாம். ரிசீவரில் வயர் இல்லை என்றால் பேச்சு காற்றில்தான் போகிறது, அது உங்கள் வீட்டுச் சுவரோடு நின்றுவிடாது என்று. யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுதச் சொன்னீர்கள், சார். எழுதுகிறேன். எனக்குப் பேசுவதைவிட எழுதுவது சுலபம். கடையில் என் பெயரே சைலன்ஸ். முதலாளி வைத்தது. அவர் முன்னால் உட்கார்ந்து விற்பார், நான் பின்னறையில் உட்கார்ந்து ரிப்பேர் பார்ப்பேன். என் ஊர் இங்கிருந்து ரொம்ப தூரம். எப்போதாவது தம்பிக்குப் போன் செய்வேன். "என்னண்ணே" என்பான். அடுத்த வார்த்தை "சரி, வைக்கட்டா" என்பான். இந்த இரண்டுக்கும் நடுவில் பேச்சு என்று ஒன்று இருக்கிறது என்பது அவனுக்குத் தோன்றியதே இல்லை.

ஒரு டாக்சிக் கம்பெனிக்காரர் தன் ஸ்கேனரை ரிப்பேருக்குக் கொடுத்துவிட்டுப் போனார். அதுவும் ரேடியோ மாதிரிதான், கேட்க மட்டும்தான் முடியும், பேச முடியாது. ஆனால் ஒரே நிலையத்தைப் பாடிக்கொண்டிருக்காமல் அலைவரிசை அலைவரிசையாகத் தேடிப் போகும், எங்கே ஆள் குரல் கிடைக்கிறதோ அங்கே நின்றுவிடும். சரிசெய்து சோதித்துப் பார்த்தேன். அது நின்ற இடத்தில் ஒரு பெண் குரல், "அந்த மனுஷன் மீசைக்கு அடிச்ச மையெல்லாம் தலகாணி உறையில இருக்குக்கா. மீசை மட்டும் வெள்ளையாத்தான் இருக்கு" என்றது. இன்னொரு குரல் சிரித்தது. நானும் சிரித்தேன். அந்த டாக்சிக் கம்பெனி அந்த மாதமே மூடிவிட்டது, அவர் ஸ்கேனரை வாங்க வரவேயில்லை. நான் அதைத் திருடவில்லை என்பதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள்.

சிரித்த குரல் யாருடையது என்று எனக்கு உடனே தெரிந்தது. கடைக்கு எதிர்க் கட்டடத்தில் மூன்றாவது மாடியில் தனியாக இருக்கும் அம்மாள். கணவர் போய்ச் சேர்ந்து பல வருடம் ஆகிறது. பிள்ளை இல்லை, லிப்ட் இல்லை, முழங்கால் இரண்டும் இல்லாத மாதிரிதான். போன் நான் எடுத்துக் கொடுத்தது. மறுமுனையில் பேசியது அவர் தங்கை, இரண்டு பஸ் மாறிப் போகிற தூரத்தில் குடும்பத்தோடு இருக்கிறார். மனசுக்குள் ஒருவரைப் பெரியக்கா என்றும் மற்றவரைச் சின்னக்கா என்றும் வைத்துக்கொண்டேன். மீசைக்காரர் மச்சான் ஆனார். ஒரு குடும்பம் அமைய இவ்வளவு நேரம்தான் ஆயிற்று.

அதற்குப் பிறகு என் மதியச் சாப்பாடு அவர்களோடுதான். அவர்கள் சாப்பிட்டுப் பாத்திரம் ஒதுக்கிவிட்டுப் பேச ஆரம்பிப்பார்கள், நான் அதுவரை டிபன் டப்பாவைத் திறக்காமல் காத்திருப்பேன். மச்சானின் குறட்டை, மாடிப்படி துடைக்க ஆள் அனுப்பாத வீட்டுச் சொந்தக்காரர், துவைத்ததும் சுருங்கிப் போன திரைச்சீலை எல்லாம் எனக்கு அத்துப்படி. திரைச்சீலை விஷயத்தில் தப்பு சின்னக்கா மீதுதான். வெந்நீரில் போட்டால் சுருங்காமல் என்ன செய்யும்? அதை நான் சொல்லவும் சொன்னேன், ஸ்கேனரைப் பார்த்து. முதலாளி எட்டிப் பார்த்தார்.

"டேய் சைலன்ஸ், யார்கிட்டடா பேசுற?"

"பாட்டு கேக்கிறேன் முதலாளி."

"பாட்டுக்குப் பதில் சொல்ற ஆள இப்பத்தான்டா பாக்கிறேன்."

என்னால் அவர்களுக்கு நன்மையே ஒழியத் தீமை இருந்ததில்லை. போனில் பேட்டரி நிற்கவில்லை என்று பெரியக்கா ஒருநாள் தங்கையிடம் அலுத்துக்கொண்டார். மறுநாள் படி இறங்கி, ரோட்டைக் கடந்து, கடை வாசலில் வந்து நின்று மூச்சு வாங்கினார். நான் பேட்டரியைப் பொட்டலம் கட்டி நீட்டினேன்.

"நான் இன்னும் வாயே திறக்கலையேப்பா."

"உங்க மாடல் போனுக்கு இப்பத்தான்க்கா பேட்டரி போற நேரம்."

"கெட்டிக்காரப் பையன்" என்று முதலாளியிடம் சொல்லிவிட்டுப் போனார். என்னைப் பற்றி இந்த ஊரில் ஒருவர் நல்லதாகச் சொன்னது அதுதான்.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்தபோது பெரியக்காவுக்குக் குளியலறையில் தலை சுற்றியது. சுவரைப் பிடித்துச் சமாளித்துவிட்டார். அதைத் தங்கையிடம் சொன்னதும் சின்னக்கா ஒரே பிடியாகப் பிடித்துக்கொண்டார்.

"பின்ரூம்ல இருந்த பையன் காலி பண்றான். நீ கிளம்பி வந்துரு. அங்க ஒத்தையில விழுந்து வச்சேன்னா யாருக்குத் தெரியும்?"

"போடி. உன் புருஷனுக்கு நான் வேற பாரமா?"

"அவருதான்க்கா வேன் பேசுறேன்னாரு."

டிபன் டப்பாவைப் பாதியில் மூடிவிட்டேன். இவ்வளவு பெரிய முடிவு, என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்று இருந்தது. கொஞ்சம் யோசித்துப் பாருங்கள் சார். ஒரே வீட்டில் இருக்கிற அக்காவும் தங்கையும் எதற்குப் போனில் பேசப் போகிறார்கள்? அடுப்படியில் நின்று பேசிக்கொள்வார்கள். அந்த அடுப்படி என் ஸ்கேனருக்கு எட்டாது.

நிதானமாக யோசித்தேன். அவர்கள் சேர்ந்தாலும் எனக்குப் பேச்சு கிடையாது, அடியோடு பிரிந்தாலும் கிடையாது. எனக்கு வேண்டியது நடுவில் ஒரு சண்டை. வேன் வராத அளவுக்குப் பெரியது, மறுநாள் போன் வரும் அளவுக்குச் சின்னது. அது கைப்பக்குவம் வேண்டிய வேலை.

வழி சுலபம். அதே மாடல் ரிசீவர் ஒன்று என் மேஜையில் கிடந்தது. அதைப் பெரியக்காவின் சேனலில், அதாவது அவர் போன் பேசும் அலைவரிசையில், வைத்தேன். அவர் பேசும்போது நான் பட்டனை அழுத்தினால் லைனில் 'வீல்' என்று ஒரு சத்தம் கிளம்பும், பேச்சு அறுந்துவிடும். தங்கை, "நீ எனக்குப் பாரமில்லக்கா, நீதானே என்னை வளர்த்தே" என்று ஆரம்பிப்பார். 'நீ எனக்கு' என்றதுமே அழுத்திவிடுவேன். திட்டும்போது மட்டும் தொடவே மாட்டேன், முழுசாகப் போக விடுவேன். மறுநாள் போன் வரும்.

"ஏன்க்கா பேசிட்டிருக்கும்போதே வச்சே?"

"நான் எங்கடி வச்சேன்? நீதானே வச்சே."

"நான் ஏன் வைக்கப் போறேன்? உனக்கு இங்க வர இஷ்டமில்லன்னா நேரா சொல்லு."

"ஆமா, என்னைக் கூப்பிடற மாதிரி கூப்பிட்டுட்டு நீயே வச்சிரு."

சண்டை சரியான பதத்தில் கொதித்தது. வேன் பேச்சு தள்ளிக்கொண்டே போனது, போன் மட்டும் தினமும் வந்தது. எனக்கு ஒரு சுற்று சதைகூடப் போட்டது.

பிறகு இருவரும் சேர்ந்தே கடைக்கு வந்தார்கள். சின்னக்காவை அன்றுதான் கண்ணால் பார்த்தேன். குரலை வைத்து உயரமானவர் என்று நினைத்திருந்தேன். அக்காவின் தோளுக்குத்தான் இருந்தார். போனை மேஜையில் டொக்கென்று வைத்தார்.

"தம்பி, இந்தக் கருமத்தைப் பாருங்க. சண்டை போடும்போது ஒருநாளும் கட்டாகிறதில்ல. நல்ல வார்த்தை ஒண்ணு சொல்ல வாயெடுத்தா கட்டாயிடுது."

"ஈரக் காத்துதான்க்கா" என்றேன்.

"காத்துக்கு எப்படிப்பா தெரியும், நான் என்ன பேசப் போறேன்னு?"

முதலாளி இடையில் புகுந்தார். "பேசாம வயர் போனுக்கு மாறிடுங்கம்மா. இதுல பேசினா ரேடியோ வச்சிருக்கிறவன் எவன் வேணா கேக்கலாமாம்."

நான் ஸ்குரூ டிரைவரைக் கீழே போட்டுத் தேடினேன். பெரியக்கா விழுந்து விழுந்து சிரித்தார்.

"எங்க பேச்சைக் கேக்கிறவனுக்கு நாங்கதான் சம்பளம் குடுக்கணும்."

இதையும் குறித்துக்கொள்ளுங்கள், சார். என் காதுபடச் சொன்னது. அதற்குமேல் ஒருவர் எப்படிச் சம்மதம் கொடுக்க முடியும்? போனைத் திறந்து தூசி தட்டிக் கொடுத்தேன். காசு வாங்கவில்லை.

தப்பு நடந்தது அடுத்த வாரம். என் கை கொஞ்சம் முந்திவிட்டது. சின்னக்கா அன்று கறாராக இருந்தார்.

"இன்னைக்கு முடிவா சொல்லுக்கா. இல்லன்னா அந்த ரூமை வேற ஆளுக்கு விட்டுருவோம். இதுக்கு மேல உன்னைக் கெஞ்ச மாட்டேன்."

பெரியக்கா மூக்கை உறிஞ்சினார். பிறகு, "வர்றேன்டி" என்றார். அவர் வாய் திறக்கும் முன்பே நான் பட்டனில் இருந்தேன். தங்கைக்குப் போனது 'வீல்' மட்டும்தான். அக்கா போனை வைத்துவிட்டதாக அவர் நினைத்தார். வருகிறேன் என்று சொன்னதும் தங்கை வைத்துவிட்டதாக இவர் நினைத்தார். அதன்பிறகு இருவரும் போனைத் தொடவில்லை.

அந்த நாட்களை நீங்கள் நினைத்துப் பார்க்க வேண்டும். ஸ்கேனர் தேடித் தேடிக் களைத்துப் போகும், எங்கும் நிற்காது. டிபன் டப்பா திறந்தபடி கிடக்கும். நான் கெடுத்ததை நானே சரிசெய்வதுதான் நியாயம் என்று பட்டது. என் ரிசீவரை வைத்துப் பெரியக்காவின் லைனிலேயே சின்னக்காவுக்கு டயல் செய்தேன். சின்னக்கா போனில் அக்காவின் எண் தெரியும், மணி அடித்தால் போதும், பேச்சு தானாக வந்துவிடும் என்று கணக்கு. சின்னக்கா எடுத்தார்.

"ஹலோ. அக்காவா? ... அக்கா?"

சும்மா இருக்க எனக்கு நன்றாக வரும், அது ஒன்றுதான் வரும். அவர் காத்திருந்து பார்த்துவிட்டு வைத்துவிட்டார். மறுநாளும் செய்தேன். அதற்கடுத்த நாளும். அந்தக் குரலை ஒரு நிமிடமாவது கேட்கலாம் இல்லையா? மூன்றாவது தடவை அழுதுகொண்டே சொன்னார்: "போன் பண்ணிட்டுப் பேசாம இருக்கிறது என்னக்கா பழக்கம்? உனக்கு என் மேல அவ்வளவு கோவமா?"

பிறகு அந்த மதியம். நான் ஒன்றும் செய்யவில்லை, ரிசீவர் மேஜையில்தான் இருந்தது. ஸ்கேனர் தானாக நின்றது. பெரியக்கா சமையலறையில் விழுந்திருந்தார். போன் கையில் இருந்ததால் எப்படியோ தங்கை எண்ணை அழுத்திவிட்டார். வயர் போனாக இருந்தால் எட்டியே இருக்காது. அந்த விதத்தில் கார்ட்லெஸ் வசதிதான். பின்னால் குழாயில் தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது. சின்னக்கா எடுத்தார்.

"ஹலோ."

பெரியக்காவுக்குக் குரல் எழவில்லை. மூச்சு மட்டும் போய் வந்தது.

"இன்னைக்கும் பேச மாட்டியா?" என்றார் சின்னக்கா. கொஞ்சம் பொறுத்துப் பார்த்தார். "சரிக்கா. உன் இஷ்டம்." வைத்துவிட்டார்.

ரிசீவர் தரையில் விழுந்து உருண்டது எனக்குக் கேட்டது. பேட்டரி தீரும்வரை லைன் திறந்தே இருந்தது. அது நான் போட்ட பேட்டரி, ரொம்ப நேரம் நின்றது. சாயங்காலம் கீழ்வீட்டுத் தையல்காரர் தன் துணிகளின் மேல் தண்ணீர் சொட்டுவதைப் பார்த்து, சண்டை போட மாடியேறியிருக்கிறார். அவர்தான் கதவை உடைத்தார். இடுப்பெலும்பு முறிந்திருந்தது, ஆனால் ஆள் பிழைத்துவிட்டார். இப்போது சின்னக்கா வீட்டுப் பின்ரூமில் இருக்கிறார் என்றும், மச்சானை விரட்டி வேலை வாங்குகிறார் என்றும் நீங்கள் சொன்னபோது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

நான் எப்படி மாட்டினேன் என்பது உங்களுக்கே தெரியும். சின்னக்கா போனைத் திருப்பிக் கொடுக்கக் கடைக்கு வந்தார். மேஜையைப் பிடித்துக்கொண்டு, "நான் ஒரு பாவி தம்பி" என்றார். முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார். எனக்கு மனசு கேட்கவில்லை.

"நீங்க என்னக்கா பண்ணுவீங்க? வெறும் மூச்சுச் சத்தம்தானே கேட்டுச்சு. கோவத்துல பேசாம இருக்காங்கன்னுதானே வச்சீங்க."

அவர் தலையைத் தூக்கினார். "இதை நான் என் புருஷன்கிட்டகூடச் சொல்லலையே" என்றார்.

முதலாளி என்னைப் பார்த்தார். பிறகு ஸ்கேனரைப் பார்த்தார்.

ஏன் ஆம்புலன்சைக் கூப்பிடவில்லை, பெயர் சொல்லாமல்கூடக் கூப்பிட்டிருக்கலாமே என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். கூப்பிட்டிருக்கலாம். கையில் போன் இருந்தது. ரோட்டைக் கடந்து மூன்று மாடி ஏறினால் நானே கதவைத் தட்டியிருக்கலாம். ஆனால் ஆம்புலன்சில் ஏற்றினால் அவரைத் திரும்ப அந்த வீட்டுக்கு யார் விடுவார்கள்? நேராகத் தங்கை வீட்டுக்குத்தான். அதனால் பின்னறைக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்து கேட்டேன். கொஞ்ச நேரம் கழித்து, தூரத்திலிருந்து அவர் குரல் வந்தது. "யாராவது இருக்கீங்களா?" என்றார். "இருக்கேன்க்கா" என்றேன், ஸ்கேனரில் வாயை வைத்து. அவர் மறுபடியும் கேட்டார், நான் மறுபடியும் சொன்னேன். ஒவ்வொரு தடவையும் சொன்னேன், ஒன்றுகூட விடவில்லை.

ஆகவே ஒரே ஒரு வேண்டுகோள். எந்தத் தண்டனை வேண்டுமானாலும் கொடுங்கள். உங்கள் அறிக்கையில், அந்த அம்மாள் அவ்வளவு நேரமும் தனியாகக் கிடந்தார் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், சார். அது பொய்.