முதல் கடைசல்

டீ வேண்டாம் இன்ஸ்பெக்டர் சார், தண்ணீர் போதும். மரத்தூள் இன்னும் தொண்டையை விட்டுப் போகவில்லை.

நானும் அண்ணனும் ஒரே பட்டறையில் மரம் கடைகிறவர்கள். கட்டையை லேத்தில் சுற்றவிட்டு உளியை வைத்தால் கட்டில் கால், கதவுக் குமிழ் எல்லாம் வரும். உளிகளை நான்தான் செய்வேன். ஆனால் புது உளி எதுவானாலும் முதலில் வைத்துப் பார்ப்பது அண்ணன். சின்ன வயதில் என் புது சைக்கிளை முதலில் ஓட்டியதும் அவன்தான். சக்கரம் கோணிய பிறகே என் கைக்கு வந்தது. எனக்காகப் பெண் கேட்கப் போனவன், அவளைத் தானே கட்டிக்கொண்டான். "உனக்கு முன்னாடி நான் பாத்துட்டேன்டா, அவ்வளவுதான்" என்று சிரித்தான். வீடே சிரித்தது, நானும் சிரித்து வைத்தேன். அவளை அண்ணி என்று கூப்பிட நாக்கு பழகிவிட்டது. வயிற்றெரிச்சல் மட்டும் அடங்கவில்லை.

போன வாரம் பழைய அரம் ஒன்றை உளியாகத் தீட்டினேன். அரத்து இரும்பு கெட்டிதான், ஆனால் கண்ணாடி போல உடையும். நெருப்பில் காட்டிப் பதப்படுத்தினால்தான் அடி தாங்கும். நான் பதப்படுத்தவில்லை. பளபளவென்று தேய்த்து, கைப்பிடி போட்டு, அவன் கண்ணில் படும்படி வைத்தேன். லேத்தில் பெரிய கணுவுள்ள கட்டை ஒன்றை மாட்டினேன். அண்ணி சாப்பாடு கொண்டுவரட்டும் என்று காத்திருந்து, அவள் காதில் விழும்படி சொன்னேன்.

"அண்ணே, அந்த உளியத் தொடாத. இன்னும் பதம் வெக்கல, ஒடஞ்சிடும்."

"நீ செஞ்சது என்னைக்குடா உருப்படியா இருந்திருக்கு? தள்ளு, பாப்போம்."

"சொன்னாக் கேளுண்ணே."

"தம்பிதான் வேணாங்கறாரே, விடுங்களேன்" என்றாள் அண்ணி.

அவன் லேத்தை ஓட்டினான். கணுவில் மாட்டி உளி ஒடிந்தது, ஒரு துண்டு அவன் கழுத்தில் இறங்கியது. அண்ணி அவன் தலையை மடியில் தாங்கினாள், அங்கேயே உயிர் போனது. நான் போய் சுவிட்சை அணைத்தேன்.

நான் தடுத்ததை அண்ணியே உங்களிடம் சொல்லியிருப்பாள். அதில் பொய் இல்லை.

அந்தக் கைப்பிடியை ஏன் திருப்பித் திருப்பிப் பார்க்கிறீர்கள் என்று தெரிகிறது. ஆமாம் சார், கட்டைவிரலுக்கு நான் வெட்டிய குழி இடது கைக்குத்தான் பொருந்தும். எனக்கு வலது கைப் பழக்கம். இடது கைக்காரன் அவன்தான்.

என் பேச்சை அவன் ஒருநாளும் கேட்டதில்லை. அன்றைக்குப் பார்த்துக் கேட்டுவிடுவானோ என்றுதான் எனக்குப் பயமாக இருந்தது.