சிவந்த மஞ்சளும் ஆப்பச்சோடாவும்

இந்த மணவிழாவுக்குத் தலைமை தாங்கி, காலையிலிருந்து நெஞ்சு படபடத்து, இப்போதுதான் ஒரு வாய் காபி குடித்திருக்கும் சங்கரபாண்டி அண்ணாச்சி அவர்களே! அவரோடு சேர்ந்து படபடத்த பெரியோர்களே! அழுத கண்ணைத் துடைத்துவிட்டுப் பூவைச் சரிசெய்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே! மேலநீலிதநல்லூரிலிருந்து வேன் பிடித்து வந்து, பாதியில் எழுந்து, மறுபடியும் அமர்ந்த மாப்பிள்ளை வீட்டுச் சொந்தங்களே! மணப்பெண்ணுக்கு வேதியியல் சொல்லிக்கொடுத்த யோகலட்சுமி டீச்சரின் வணக்கம்.

தாலி ஏறிவிட்டது. ஏறிவிட்டதம்மா, ஏறிவிட்டது! அப்பாடா என்று ஒரு மூச்சு விட்டுவிட்டுத்தான் இந்த மைக்கைப் பிடிக்கிறேன்.

என்ன அங்கன சத்தம்? பந்தியா? சாம்பார் இன்னும் கொதிக்கிறதாம். அதுவரை என்னைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பின்னால் வந்தவர்களுக்கு நடந்தது தெரியாது. சொல்கிறேன். நல்ல நேரம் ஓடிக்கொண்டிருந்தது. தாலிக்கயிற்றில் மஞ்சள் பூச, பெண்ணின் அத்தை அடுப்படியில் நின்ற அண்டாவில் சுடுநீர் மொண்டு, கிண்ணத்தில் இருந்த மஞ்சள்தூளில் ஊற்றினார். கயிற்றை முக்கினார். தூக்கினார். சொட்டியது மஞ்சளா? இல்லை! சிவப்பு. செக்கச் சிவப்பு!

"ஏட்டி, ரத்தம் மாதிரில்லா இருக்கு!" என்று யாரோ அலறினார்கள். கெட்டிமேளம் கொட்ட வந்த கை அந்தரத்தில் நின்றது. மாப்பிள்ளையின் தாயார் கோமதித்தாய் எழுந்தார். "சகுனம் சரியில்ல. ஏலே இசக்கித்துரை, எந்திரி. இந்தக் கயித்த எம்மவன் கையால கட்ட விடமாட்டேன்" என்றார். அந்தத் தாயை நான் குறை சொல்லவில்லை. பிள்ளையைப் பெற்றவளுக்குப் பயம் வராமல் வேறு யாருக்கு வரும்?

எழுந்து போனால் யாருக்கு நட்டம்? மணவறையில் உட்கார்ந்திருந்த எங்கள் இசக்கிச்செல்விக்கு! தாலி சிவந்த பெண் என்று ஒரு பேர் ஒட்டிவிட்டால், இந்தச் சங்கரன்கோவிலில் எந்தத் தண்ணீர் அதைக் கழுவும்?

அந்தப் பெண் அழவில்லை. தலை நிமிர்ந்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "அத்தை, அந்த அண்டாவுல என்ன போட்டிருந்தாவ?"

அடிப்பிடித்த பாலைக் கிளப்ப, சமையல்காரர் அதில் ஆப்பச்சோடா போட்டுக் கொதிக்க வைத்திருந்தார்! கழுவும் நீரை நம் அத்தை குடிநீர் என்று மொண்டுவிட்டார்.

ஆப்பச்சோடா என்பது என்ன? ஆப்பத்தைப் பூப்போல ஆக்குகிறதே, அந்த வெள்ளைப் பொடிதான். அதன் உள்ளே ஒரு குடும்பமே குடியிருக்கிறது. நடுவிலே கார்பன். அதைச் சுற்றி மூன்று ஆக்சிஜன். அவற்றில் ஒன்றின் கையைப் பிடித்தபடி ஒரு ஹைட்ரஜன். இந்தக் கூட்டத்துக்கு எதிர் மின்னூட்டம். பக்கத்திலே நேர் மின்னூட்டத்தோடு நிற்கும் சோடியம். எதிரும் நேரும் ஈர்த்து நிற்கும் இந்த உறவுக்குப் பெயர் சோடியம் பைகார்பனேட்!

இது காரம்; ஆனால் சாதுவான காரம். கொதிக்கக் கொதிக்க, கரியமில வாயுவையும் நீரையும் வெளியே விட்டுவிட்டு, துணி வெளுக்கும் சலவைச் சோடாவாக மாறத் தொடங்கும். அப்போது காரம் கூடும். காரத்தைக் கண்டால் மஞ்சள் சிவக்கும். அவ்வளவுதான் ஐயா! பேயுமில்லை, பிசாசுமில்லை, ரத்தமுமில்லை!

சரி, சிவந்ததை எப்படித் திருப்புவது? புளிப்பு வேண்டும். மாப்பிள்ளை கையிலே எலுமிச்சம்பழம்! கண்ணேறு படாமலிருக்கக் கொடுத்த பழம். தாலி கட்டும்வரை கையைவிட்டுப் போகக்கூடாத பழம். செல்வி கையை நீட்டினாள். "அந்தப் பழத்தைத் தாங்க. நம்பித் தாங்க."

"குடுக்காதல!" என்று தாய் கத்தினார். இசக்கித்துரை அம்மாவைப் பார்த்தார், பெண்ணைப் பார்த்தார். "எம்மா, இவளைக் கெட்டிக்கிட வந்துட்டு, இவ சொல்ல நம்பலன்னா எப்படி?" என்றார். கொடுத்தார்!

கைதட்டுங்கள், நன்றாகத் தட்டுங்கள்!

பழம் பிழியப்பட்டது. கிண்ணம் நுரைத்தது. புளிப்பு பட்டதும் சோடா தன் வாயுவையெல்லாம் பொங்கவிட்டுக் காரத்தை இழந்தது. சிவப்பு கலைந்தது. கயிற்றை மறுபடியும் முக்கித் தூக்கினார்கள். மஞ்சள் வந்தது! எங்கள் உயிரும் வந்தது! கெட்டிமேளம் முழங்கியது.

அப்புறம் நடந்ததுதான் என்னை இந்த மேடைக்கு ஏற்றியது. மணமக்களுக்கு ஆரத்தி எடுக்கக் கோமதித்தாய் தட்டைத் தூக்கினார். அந்தத் தட்டில் என்ன நிறம்? சிவப்பு! மஞ்சளில் சுண்ணாம்பைக் கலந்து, தம் கையாலேயே கரைத்த சிவப்பு. சுண்ணாம்பும் காரம், சோடாவும் காரம்! காலமெல்லாம் நாம் ஆசையாய்ச் சுற்றும் நிறத்தைக் கண்டா காலையில் கதிகலங்கினோம்? தட்டைப் பார்த்தார் தாயார். மருமகளைப் பார்த்தார். "ஏ மக்கா, இதுவும் அதானா?" என்றார். "ஆமா அத்தை" என்றாள் செல்வி. சிரிப்பும் அழுகையுமாக அந்தத் தாய் மூன்று முறை சுற்றினார். பிறகு அந்தச் சிவப்பைத் தொட்டு, தம் மருமகள் நெற்றியில் தாமே வைத்தார்.

தலைவருக்கும், தாய்மார்களுக்கும், கேள்வி கேட்ட பெண்ணுக்கும், கேட்டதும் கொடுத்த பிள்ளைக்கும் என் நன்றி. மணமக்கள் நீடு வாழ்க! வணக்கம்.