பிரபாலினியின்ர புது நம்பர்

…உரிமை எண்டா எனக்கு விளங்காதோ தம்பி? போன் கொம்பனி மாறினாலும் நம்பரை மாத்தத் தேவையில்லை, அது சனத்தின்ர உரிமை எண்டு மோல்டோவாவுக்கே போய்ப் படிப்பிக்கிறது ஆர்? என்ர மகள் பிரபாலினி. இப்ப அவளே கொம்பனியை மாத்தி, நம்பரையும் மாத்திப்போட்டு, புது நம்பரைத் தாய்க்குச் சொல்லமாட்டாளாம். மூண்டு கிழமை, தம்பி! மூண்டு கிழமையா அவளின்ர குரல் கேக்கேல்லை எனக்கு.

இல்லை, நீங்கள் வாசியுங்கோ, வாசியுங்கோ. டுசல்டோர்ஃப் ஸ்டேசனில நீங்கள் தமிழ் கதைச்சதைக் கேட்டிட்டுத்தான் ரெயினில உங்களுக்குப் பக்கத்தில வந்து இருந்தனான். நான் பான் நகரத்துக்குப் போறன், அவள் இல்லாத வீட்டில பூக்கண்டுக்குத் தண்ணி ஊத்த. வீட்டுப் பூட்டுத் திறப்பு தாய்க்கு, நம்பர் தகப்பனுக்கு. நல்ல நியாயம், என்ன?

மோல்டோவா தெரியுமே? சின்ன நாடு, ருமேனியாவுக்கு அங்கால. ஐரோப்பிய யூனியனில சேரவெண்டு நிக்குது. சும்மா சேரலாமே? எங்களுக்கு விசா தர இழுத்த மாதிரி இழுக்கிறாங்கள், ஆயிரத்தெட்டு அன்ட்ராக் எழுதி நிரப்பவேணும். போன் சட்டமெல்லாம் இஞ்சத்தைய மாதிரி வரவேணுமாம். ஒரு கொம்பனியே எல்லாத்தையும் பிடிச்சு வைச்சிருக்கக் கூடாதாம், போட்டி வேணுமாம். அதைப் பாத்து எழுதிக் குடுக்கிறதுதான் இவளின்ர வேலை. முந்தி அங்கயிருந்து கதைச்சா, "அம்மா, ரோமிங், காசு ஓடுது" எண்டு அரை நிமிசத்தில வைச்சிடுவாள். இந்த வருசம் பிறக்க அந்த ரோமிங் காசையும் இல்லாமல் பண்ணியாச்சு. இனி என்ன சாட்டுச் சொல்லுவாய் எண்டு எனக்கு ஒரே புளுகம், சந்தோசம்!

அந்தப் புளுகத்தில ஒரு சின்ன வேலை செய்தனான்… சின்னன்தான். வாட்ஸ்அப்பில கலியாணப் பேச்சுக் குழு ஒண்டிருக்கு, லண்டன், பாரிஸ், கனடா எல்லாச் சனமும் அதுக்குள்ள. பிள்ளையின்ர படம், சாதகக் குறிப்பு, நம்பர் எல்லாம் போட்டன். கீழ, "மோல்டோவாவில நிண்டாலும் ரோமிங் இல்லை, எந்த நேரமும் எடுக்கலாம்" எண்டும் எழுதினன். அதில என்ன பிழை?

எடுத்திட்டினம், தம்பி. எழுபது பேர்! இவள் அந்த நாட்டு அதிகாரியளுக்கு முன்னால, லைன் எவ்வளவு துலக்கம் எண்டு காட்ட போனை ஸ்பீக்கரில போட்டுக்கொண்டு நிக்கிறாள். பான் ஒபீசிலயிருந்து கோல் வரவேணும். வந்தது ஆர்? கனடாக் கனகவல்லி. "பிள்ளைக்குச் செவ்வாய்க் குற்றம் இருக்கோ? மச்சம் மாமிசம் சாப்பிடுவியளோ?" எண்டு… துலக்கமாத்தான் கேட்டதாம்.

சிரிக்காதேங்கோ தம்பி. அண்டைக்கு மாத்தினதுதான் நம்பர்.

இஞ்ச பாருங்கோ, மனிசன் குளிக்கேக்க அவற்ற போனில பாத்துப் புது நம்பரை எழுதிப்போட்டன். என்ர நம்பரிலயிருந்து அடிச்சா தூக்கமாட்டாள். உங்கட போனை ஒருக்காத் தாங்கோவன். அவளின்ரயும் ஜேர்மன் நம்பர்தான், காசு ஓடாது. குரலை மட்டும் கேட்டிட்டு வைச்சிடுவன், வாயே திறக்கமாட்டன்.

அடிக்குது…

…

…

ஓம் பிள்ளை, அம்மாதான். எப்பிடிக் கண்டுபிடிச்சனி? … மூச்சு விட்டதிலயோ? … அழேல்லையடி, தடிமன், மூக்கு ஒழுகுது. … சாப்பிட்டியோ? … ஓம், பிழை என்னிலதான். … ஒருத்தருக்கும் குடுக்கமாட்டன். சத்தியமா!

வைச்சிட்டாள். இந்தாங்கோ போன், பெரிய உபகாரம் தம்பி.

சத்தியம் பண்ணினதைக் கேட்டனீங்கள்தானே? நான் ஒருத்தருக்கும் குடுக்கேல்லை, உங்களுக்கும் குடுக்கேல்லை. அது தன்ரபாட்டில உங்கட போனில கிடக்கு, நான் என்ன செய்ய? … ஐயோ, அழிக்காதேங்கோ! … சரி, சொல்லுங்கோ, நீங்கள் கலியாணம் முடிச்சிட்டியளோ?